பிளேட்டில் சினர்ஜி வந்தாச்சு, ட்ரையலுக்குத் தாங்குமா? (முற்றிய ஆஸ்டியோசார்கோமா: ஐஃபாஸ்ஃபமைடு-எட்டோபோசைடு + லென்வாட்டினிப்)

கேள்வி: நுண்தட்டு

வணக்கம். முதல் கீமோவுக்குப் பிறகு திரும்பி வந்த, அல்லது நுரையீரலுக்குப் பரவிய ஆஸ்டியோசார்கோமாவுக்கு (எலும்புப் புற்று) ஐஃபாஸ்ஃபமைடு + எட்டோபோசைடு என்ற கீமோவோடு லென்வாட்டினிப் (ரத்தக்குழாய் வளர்ச்சித் தடுப்பி) சேர்த்து ஒரு சிறிய ட்ரையல் முன்மொழிவு எழுதும் வேலை. லேப் பகுதியில் கையிலிருப்பது இவ்வளவுதான்:

யூ2ஓஎஸ், 143பி என்று இரண்டு செல் லைன். 96 குழி பிளேட், எல்லாக் குழியும் நிரப்பியது, 72 மணி நேரம், கடைசியில் எம்டிடி (செல்களை அளக்கும் நிறமாற்றச் சோதனை). லென்வாட்டினிப் 1 முதல் 30 மைக்ரோமோலார் வரை. கூட்டாளிகள் ஐஃபாஸ்ஃபமைடு (100 மைக்ரோமோலார் வரை), எட்டோபோசைடு, ஒப்பீட்டுக்கு சிஸ்பிளாட்டின். எல்லா ஸ்டாக்கும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலார். எட்டோபோசைடோடு கூட்டு எண் (சிஐ, 1-க்குக் கீழே என்றால் சினர்ஜி, அதாவது கூட்டலைவிட அதிக விளைவு) 0.4-க்குக் கீழே. ஐஃபாஸ்ஃபமைடு தனியாக ஒன்றுமே செய்யவில்லை, ஆனால் லென்வாட்டினிப்போடு சேர்ந்தால் சிஐ 0.2. சிஸ்பிளாட்டின் எதிர்பார்த்ததைவிட ரொம்ப பலவீனம்.

கேட்க வேண்டியது: இந்த டேட்டா போதுமா? இதே கூட்டை வெளிநாட்டில் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்று தெரியும், அதன் முடிவை எப்படி வாசிப்பது? தொடக்க டோஸ், டோஸைக் கட்டுப்படுத்தும் நச்சுக்கான வரையறை, முதன்மை முடிவுப்புள்ளி மூன்றிலும் எங்கே சறுக்கும்?

---

பதில் 1: ஓரக்குழி

சிஐ 0.2-ஐ முதல்ல தள்ளி வைங்க. அது பெரும்பாலும் கரைப்பான் செஞ்ச வேலை. 10 மில்லிமோலார் ஸ்டாக்ல இருந்து 100 மைக்ரோமோலார்னா நூத்துக்கு ஒண்ணு, அதாவது 1% டிஎம்எஸ்ஓ. அதே குழியில 30 மைக்ரோமோலார் லென்வாட்டினிப் போட்டா இன்னொரு 0.3%. தனி மருந்துக் குழியில 1% அல்லது 0.3%, கூட்டுக் குழியில 1.3%. கூட்டுக் குழியிலதான் கரைப்பான் அதிகம், அங்கதான் செல்லும் அதிகமா சாகுது, அதுக்கு நாம சினர்ஜின்னு பேர் வெச்சுட்டோம். எல்லாக் குழியிலயும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு, 0.1%, மிஞ்சிப் போனா 0.2%. வெறும் மீடியம் போடற கன்ட்ரோலுக்கும் அதே அளவு ஊத்தணும். அதுக்குத் தகுந்தபடி ஸ்டாக்கை இன்னும் அடர்த்தியா கட்டிக்கங்க.

ஐஃபாஸ்ஃபமைடு தனியா வேலை செய்யாதது அதிசயமே இல்ல. அது புரோட்ரக், உடம்புல மாறினாத்தான் மருந்து. கல்லீரல்ல சிஒய்பி3ஏ4, சிஒய்பி2பி6ங்கற ரெண்டு என்சைமும் அதை 4-ஹைட்ராக்ஸி-ஐஃபாஸ்ஃபமைடா மாத்தினாத்தான் டிஎன்ஏவுக்குக் குறுக்குப் பாலம் போடற மஸ்டர்ட் வெளிய வரும். பிளாஸ்டிக் குழியில கல்லீரல் எங்க இருக்கு? 4-ஹைட்ரோபெராக்ஸி-ஐஃபாஸ்ஃபமைடு வாங்கிப் போடுங்க, அது தண்ணில தானா உடைஞ்சு செயல்படற வடிவத்துக்கு வந்துடும். ஆனா மீடியத்துல ரொம்ப நேரம் நிக்காது. கரைச்ச உடனே போடணும், மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சு அடுத்த நாள் எடுக்கக் கூடாது. இன்னொண்ணு, தனியா எந்த விளைவும் இல்லாத மருந்துக்கு சிஐ தர்ற சௌ-தலாலே கணக்கே போட முடியாது. ஒவ்வொரு மருந்தோட மீடியன் டோஸும் (பாதி விளைவு தர்ற அளவு) அந்தக் கணக்குக்கு வேணும். இல்லாததை மென்பொருள் கோட்டை நீட்டி ஊகிச்சுக்கும், நமக்கு ஒரு அழகான 0.2 வந்துடும்.

சிஸ்பிளாட்டின் பலவீனமா தெரியறதுக்கும் டிஎம்எஸ்ஓதான் காரணம். டிஎம்எஸ்ஓல இருக்கற கந்தகம் பிளாட்டினத்தைப் பிடிச்சுக்கிட்டு குளோரைடை வெளிய தள்ளிடும், அப்புறம் மருந்துல பாதி வீரியம்கூட மிஞ்சாது. 0.9% சலைன்ல கரைங்க, வெளிச்சம் படாம வைங்க, உறைய வெக்காதீங்க. இது பழைய விஷயம், ஆனாலும் இன்னிக்கும் டிஎம்எஸ்ஓல கரைச்ச சிஸ்பிளாட்டின் கட்டுரைகள் வந்துட்டுத்தான் இருக்கு.

பிளேட் அமைப்பு: ஓரத்துல இருக்கற 36 குழிலயும் வெறும் பஃபர். ஓரம் ஆவியாகும், 72 மணி நேரத்துல மருந்து அடர்த்தி ஏறிடும். மிச்சம் 60 குழி. 6×6 கட்டம் 36 குழி. பாக்கி 24-ல 12 கரைப்பான் கன்ட்ரோல், 6 செல் இல்லாத வெறுங்குழி, 6 எல்லாச் செல்லும் சாகற கன்ட்ரோல். யூ2ஓஎஸ் குழிக்கு 2,000–3,000 செல் போதும். 143பி வேகமா பெருகும், குறைச்சுப் போடுங்க. மருந்து போடற நேரத்துல ஒரு தனிப் பிளேட்டை எடுத்து அளந்து வெச்சுக்கங்க. அந்தத் தொடக்க எண் இல்லாம, செல் செத்துச்சா, வெறுமனே பெருகாம நின்னுச்சான்னு பிரிக்க முடியாது. வெவ்வேறு நாள்ல மூணு தடவை. ஒரே நாள்ல மூணு பிளேட் போட்டா அது ஒரு தடவைதான்.

கணக்குக்கு ப்ளிஸ் முறை (ரெண்டு மருந்தும் தனித்தனியா வேலை செஞ்சா என்ன வரும்னு பார்க்கறது) போதும், கையாலயே போடலாம். அ மருந்து 30% கொல்லுது, ஆ மருந்து 40%. தனித்தனியா வேலை செஞ்சா பிழைக்கறது 0.7 × 0.6 = 0.42, அதாவது 58% சாகணும். பிளேட்ல 60% வந்தா அது கூட்டல் மட்டும்தான். 75% வந்தா பேசலாம். சிஐதான் வேணும்னா, 20%-க்குக் கீழயும் 95%-க்கு மேலயும் வர புள்ளியை நம்பாதீங்க. எம்டிடி வளர்சிதை மாற்றத்தை அளக்குது, சாவை இல்ல. முக்கியமான ரெண்டு மூணு கட்டத்தையாவது காலனி சோதனையில (10–14 நாள், 50 செல்லுக்கு மேல இருந்தா ஒரு காலனி) உறுதி பண்ணுங்க.

இதெல்லாம் சரி பண்ணின பிறகும் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. லென்வாட்டினிப் விஇஜிஎஃப்ஆர்2-ஐ (ரத்தக்குழாயை வளரச் சொல்ற ஏற்பி, ஒரு கைனேஸ் என்சைம்) 4 நேனோமோலார்லயே பாதி தடுக்கும். பெரியவங்களுக்கு 24 மில்லிகிராம் கொடுத்தா ரத்தத்துல உச்ச அளவு சுமார் 1 மைக்ரோமோலார்தான், அதுலயும் 98%-க்கு மேல புரதத்தோட ஒட்டிக்கிட்டிருக்கும். நீங்க 30 வரைக்கும் போயிருக்கீங்க. அந்த அளவுல எந்தக் கைனேஸை அது தொடலைன்னு கேட்கறது சுலபம். அதோட, இந்த மருந்தோட முக்கியமான வேலையே ரத்தக்குழாய்ல. உங்க குழியில ரத்தக்குழாயே இல்ல. அதனால எட்டோபோசைடோட வந்த 0.4 நிஜமாவே இருந்தாலும் நோயாளிகிட்ட நடக்கப் போறது அது இல்ல. முன்மொழிவுல இதை ஆதாரமா முன்னாடி வெக்காதீங்க. எலும்புக்குள்ள செல் போட்டு வளர்த்த எலி மாதிரி, அல்லது நோயாளிக் கட்டியை எலியில வளர்த்த மாதிரி வேணும்.

எலியிலயும் ஒரு எச்சரிக்கை. கூட்டு மருந்து வாங்கற குழுவுல (ட்ரையல் மொழியில 'கை') டோஸைக் குறைச்சுத்தான் கொடுக்க முடியுதுன்னா, ஒப்பிட வேண்டியது அதே குறைஞ்ச டோஸ் தனி மருந்தோட மட்டும் இல்ல, தனி மருந்து தாங்கற முழு டோஸோடயும். தலசோபரிப் (டிஎன்ஏ பழுதுபார்ப்பைத் தடுக்கற மருந்து) + டெமோசோலமைடு (கீமோ) ஈவிங் சார்கோமா (இன்னொரு எலும்புப் புற்று) எலிகள்ல அபாரமா வேலை செஞ்சது, ஆனா டெமோசோலமைடை ரொம்பக் குறைச்சாத்தான் அந்தக் கூட்டைத் தாங்க முடிஞ்சது. அதுக்கும் முன்னாடி அதே வகையான ஓலபரிப் ஈவிங் செல் லைன்கள்ல அடிச்சு நொறுக்கிச்சு, தனியா 12 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தப்போ ஒருத்தருக்கும் கட்டி சுருங்கல.

---

பதில் 2: மூன்றாம்_கட்டம்

இரண்டாவது கேள்விக்கு. பல நாடுகளில் நடந்த முதல் கட்ட/இரண்டாம் கட்ட ஆய்வில் லென்வாட்டினிப் சதுர மீட்டருக்கு 14 மில்லிகிராம் தினமும் (உச்சவரம்பு 24), ஐஃபாஸ்ஃபமைடு சதுர மீட்டருக்கு 3 கிராம் × 3 நாள், எட்டோபோசைடு சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் × 3 நாள், 21 நாளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 5 சைக்கிள். நான்கு மாதத்தில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 35-ல் 18 பேர், 51%. நம்பிக்கையூட்டும் எண். அதன் பேரில்தான் ஒலீ என்ற சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு வந்தது. 81 பேர், கீமோ மட்டும் அல்லது கீமோ + லென்வாட்டினிப். நோய் முன்னேற்றமில்லாக் காலத்தின் மீடியன் லென்வாட்டினிப் சேர்த்தவர்களுக்கு 6.5 மாதம், கீமோ மட்டும் 5.5 மாதம், ஹசார்டு விகிதம் (1-க்குக் கீழே என்றால் சேர்த்த மருந்துக்குச் சாதகம்) 0.54. ஒருபக்க பி மதிப்பு 0.04. முன்கூட்டிக் குறித்த எல்லை 0.025. எனவே முறைப்படி அது தோல்வி.

இதை "வேலை செய்யவில்லை" என்றும் வாசிக்கலாம், "சின்ன ட்ரையல், கொஞ்சம் தவறிவிட்டது" என்றும் வாசிக்கலாம். என் கணிப்பு இரண்டுக்கும் நடுவே. மருந்துக்கு வேலை இருக்கிறது, ஆனால் மீடியனில் கிடைத்தது ஒரு மாதம், அதற்குக் கொடுத்த விலை கூடுதல் நச்சு. அதே கூட்டை அதே டோஸில் 30 பேரிடம் ஒற்றைக் கையாக (ஒப்பீட்டுக் குழு இல்லாமல்) மறுபடி செய்தால் புதிதாக எதுவும் தெரியவராது. உங்கள் முன்மொழிவில் மாற வேண்டியது மருந்தின் பெயர் அல்ல, கேள்வி. உதாரணமாக: கீமோ நாட்களில் லென்வாட்டினிப்பை நிறுத்தி இடைநாட்களில் மட்டும் கொடுத்தால் ஐஃபாஸ்ஃபமைடின் முழு டோஸையும் காப்பாற்ற முடியுமா? அல்லது கீமோ முடிந்த பிறகு பராமரிப்பாக மட்டும் கொடுத்தால் என்ன?

எலும்புப் புற்றில் சேர்த்துப் பார்த்தவற்றின் வரலாறு சோர்வு தருவது, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பாடம். யூராமோஸ்-1 (2005–2011, 2,260 பேர், 17 நாடுகள்): அறுவைக்குப் பின் கட்டியில் 10%-க்கு மேல் உயிருள்ள செல் எஞ்சிய 618 பேருக்கு, வழக்கமான மெத்தோட்ரெக்ஸேட்-டாக்சோரூபிசின்-சிஸ்பிளாட்டினோடு ஐஃபாஸ்ஃபமைடும் எட்டோபோசைடும் சேர்த்தார்கள். ஹசார்டு விகிதம் 0.98. நச்சு மட்டும் கூடியது. கவனித்துப் பார்த்தால் அங்கே சேர்த்தவை இரண்டும் இந்த நோயில் வேலை செய்யும் என்று தெரிந்த மருந்துகள்தான். சேர்க்கும்போது சைக்கிள் இடைவெளி நீண்டு பழைய மருந்துகளின் வாராந்திர அளவு குறைந்தது, லாபம் அங்கே கரைந்திருக்கலாம்.

பிரான்சின் ஓஎஸ்2006: சோலெட்ரோனேட் (எலும்புத் தேய்மானத்தைத் தடுக்கும் மருந்து). எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்டை நிறுத்தினால் கட்டியும் பட்டினி கிடக்கும் என்பது லேபில் வலுவான வாதம். 318 பேர். மூன்றாண்டு நிகழ்வற்ற வாழ்வு (நோய் முன்னேறாமல், திரும்பாமல் உயிரோடு இருப்பது) சோலெட்ரோனேட் இல்லாமல் 63.4%, அதோடு 57.1%. பலன் வராது என்று இடைநிலை ஆய்விலேயே நிறுத்தினார்கள். அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழு, பரவிய நோயில் இதே மருந்தை ஐந்து மருந்துக் கீமோவோடு சேர்த்து 24 பேரிடம் டோஸ் தேடியது. சதுர மீட்டருக்கு 2.3 மில்லிகிராம் (உச்சவரம்பு 4) தாங்கும் என்று வந்தது. தாங்கும் என்பதற்கும் உதவும் என்பதற்கும் தொடர்பு இல்லை.

டிராஸ்டுசுமாப் (ஹெர்2 புரதத்தைத் தடுக்கும் மருந்து): நோய் பரவிய 96 பேரில் கட்டியில் ஹெர்2 கூடுதலாக இருந்த 41 பேருக்கு மட்டும் கீமோவோடு கொடுத்தார்கள். 30 மாத நிகழ்வற்ற வாழ்வு இரு பக்கமும் 32%. சீரற்ற ஒதுக்கீடு இல்லாததால் உதவியதா, கெட்ட குழுவை நல்ல குழு அளவுக்குத் தூக்கிவிட்டதா என்று இன்றுவரை சொல்ல முடியாது. ஈவிங் பக்கம் கானிடுமாப் (298 பேர், பரவிய நோய், சீரற்ற ஒதுக்கீடு): மூன்றாண்டு நிகழ்வற்ற வாழ்வு கீமோ மட்டும் 37.4%, சேர்த்தால் 39.1%. கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது. எனக்கு இந்த இரண்டில் இரண்டாவதுதான் மதிப்பானது, முடிவு எதிர்மறையாக இருந்தும்.

ஒரு உள்ளூர் விஷயம், தகுதி விதி எழுதும்போது மறக்காதீர்கள். மும்பை டாட்டா மெமோரியலின் ஓஜிஎஸ்-12 முறையில் மெத்தோட்ரெக்ஸேட் கிடையாது. டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின், ஐஃபாஸ்ஃபமைடு மூன்றும் முதல் சிகிச்சையிலேயே வந்துவிடுகின்றன. அப்படி வாங்கியவருக்கு உங்கள் ட்ரையலின் அடித்தளக் கீமோவே பழைய மருந்து. ஐஃபாஸ்ஃபமைடு புதிதா பழையதா என்பதை அடுக்குக் காரணியாக (அதன்படி பிரித்து, இரண்டு கைகளுக்கும் சமமாக ஒதுக்க) வைக்காவிட்டால் இரண்டு கைகளும் ஒப்பிடவே முடியாதவையாகிவிடும். சிறுநீரகக் குழல் ஏற்கெனவே எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

---

பதில் 3: மெஸ்னா

டோஸ் பக்கம். 1.3 சதுர மீட்டர் பிள்ளைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். லென்வாட்டினிப் 14 × 1.3 = 18.2. கேப்சூல் 4, 10 என்ற இரண்டு அளவில்தான் வருகிறது, ஆகவே 10 + 4 + 4 = 18. எந்த எண்ணுக்கு முழுமையாக்குவது என்று நெறிமுறையில் ஒரு அட்டவணை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே உடற்பரப்புக்கு ஒருவர் 18, இன்னொருவர் 20 என்று கொடுப்பார்கள். விழுங்க முடியாத பிள்ளைக்கு கேப்சூலை உடைக்கக் கூடாது. முழுதாகக் கொஞ்சம் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, 3 நிமிடம் கலக்கி, குடித்த பிறகு மறுபடி கொஞ்சம் தண்ணீரை விட்டு அலசி அதையும் குடிக்க வேண்டும். அலசாமல் விட்டால் மருந்து தம்ளரிலேயே நின்றுவிடும்.

ஐஃபாஸ்ஃபமைடு நாளைக்கு 3.9 கிராம், மூன்று நாளைக்கு 11.7. சிறுநீர்ப்பையைக் காக்கும் மெஸ்னா ஐஃபாஸ்ஃபமைடின் எடைக்குச் சமமாகவாவது, கடைசி ஐஃபாஸ்ஃபமைடு முடிந்த பிறகும் 12 முதல் 24 மணி நேரம் தொடர வேண்டும். திரவம் சதுர மீட்டருக்கு நாளைக்கு 2–3 லிட்டர். இவை எல்லா வார்டுக்கும் தெரிந்தவை. கூட்டினால் புதிதாக முளைக்கும் சிக்கல்கள் வேறு.

முதலாவது க்யூடி இடைவெளி (இசிஜியில் அளப்பது, நீண்டால் இதயத் துடிப்பு ஆபத்தாகக் குழம்பும்). இந்த நோயாளிகள் எல்லோரும் சிஸ்பிளாட்டின் வாங்கியவர்கள், மெக்னீசியம் மாதக்கணக்கில் சிறுநீரில் ஒழுகிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஐஃபாஸ்ஃபமைடு பொட்டாசியத்தையும் பாஸ்பேட்டையும் வெளியே தள்ளும். வாந்திக்கு ஒண்டான்செட்ரான். இப்போது க்யூடியை நீட்டும் லென்வாட்டினிப். நான்கும் ஒரே மூன்று நாளில் ஒன்றாக நிற்கின்றன. தனித்தனி மருந்தின் நச்சுப் பட்டியலைப் பார்த்தால் இந்தச் சேர்க்கை தெரியாது. சைக்கிளின் முதல் நாளும் மூன்றாம் நாளும் இசிஜி, தினமும் பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட். மெக்னீசியம் குறைவாக இருந்தால் பொட்டாசியத்தை எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது, முதலில் மெக்னீசியம்.

இரண்டாவது சிறுநீர்ப் புரதம். லென்வாட்டினிப் குளோமெருலஸ் வடிகட்டியைச் சேதப்படுத்துவதால் ஆல்புமின் கசியும். ஐஃபாஸ்ஃபமைடு குழலைச் சேதப்படுத்துவதால் சிறு புரதங்கள் கசியும். புரதம்/கிரியாட்டினின் விகிதம் இரண்டுக்கும் ஏறும். நாளைக்கு 2 கிராம் தாண்டினால் லென்வாட்டினிப்பை நிறுத்து என்பது விதி, ஆனால் குற்றவாளி ஐஃபாஸ்ஃபமைடாக இருந்தால் தவறான மருந்தை நிறுத்துகிறீர்கள். ஆல்புமின்/கிரியாட்டினின் விகிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மொத்தப் புரதம் அதிகம், ஆல்புமின் பங்கு குறைவு, கூடவே சர்க்கரை சிறுநீரில் வருகிறது, பாஸ்பேட்டும் பைகார்பனேட்டும் தாழ்கின்றன என்றால் ஃபான்கோனி நோய்க்குறி (சிறுநீரகக் குழல் சேதம்) பக்கம் யோசிக்க வேண்டும், குறைக்க வேண்டியது ஐஃபாஸ்ஃபமைடு.

ஐஃபாஸ்ஃபமைடு மூளைக் குழப்பம்: ஆல்புமின் குறைவும் கிரியாட்டினின் உயர்வும் ஆபத்தைக் கூட்டும். லென்வாட்டினிப்பால் ஆல்புமின் சிறுநீரில் போவதால் அந்த ஆபத்து பின்வாசல் வழியாக வருகிறது. குழப்பம் வந்தால் ஐஃபாஸ்ஃபமைடை நிறுத்துவதுதான் சிகிச்சை. மெத்திலீன் நீலம் (பெரியவர்களுக்கு ஒரு தடவை 50 மில்லிகிராம்) கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதற்கு முன் ஜி6பிடி குறைபாடு உண்டா, மனச்சோர்வுக்கு எஸ்எஸ்ஆர்ஐ எடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வாந்திக்கான அப்ரெபிடன்டைத் தவிர்க்கலாம் என்பது என் எண்ணம். அது சிஒய்பி3ஏ4-ஐத் தொடும், ஐஃபாஸ்ஃபமைடின் கணக்கு குழம்பும்.

அறுவை: நுரையீரல் முடிச்சை வெட்டப் போகிறவருக்கு லென்வாட்டினிப் குறைந்தது ஒரு வாரம் முன்பே நிற்க வேண்டும், பிறகு குறைந்தது இரண்டு வாரமும், காயம் ஆறும்வரையும் கிடையாது. அதே வகையான காபோசான்டினிப் என்றால் மூன்று வாரம் முன்பு, அது உடலில் நீண்ட நாள் தங்கும். இன்னொரு ரத்தக்குழாய் தடுப்பியான பெவசிசுமாபைக் கீமோவோடு சேர்த்துப் பார்த்தபோது காயச் சிக்கல்கள்தான் முன்னால் வந்து நின்றன. உலோக மூட்டு வைத்த காலில் காயம் திறந்தால் அந்தப் பிள்ளைக்கு மூட்டே போகலாம்.

இரத்த அழுத்தத்துக்குப் பெரியவர்களின் 160/100 எல்லையைப் பிள்ளைகளுக்கு வைக்காதீர்கள், வயது-உயரத்துக்கான 95-ஆம் சதமானத்தை வையுங்கள். டிஎஸ்எச் (தைராய்டு சோதனை) மாதம் ஒருமுறை. வளர்ச்சித் தட்டு மூடாத பிள்ளைக்கு முழங்கால் எக்ஸ்-ரே தொடக்கத்திலும் பிறகு இடையிலும்.

---

நுண்தட்டு

மூவருக்கும் நன்றி. பிளேட்டைத் திரும்பப் போடுகிறேன், சிஸ்பிளாட்டின் விஷயம் எனக்குத் தெரியாது. இப்போது கேள்வியை மாற்றி "கீமோ நாட்களில் லென்வாட்டினிப்பை நிறுத்தும் அட்டவணை" என்று எழுத யோசனை. 3+3-ல் (மூன்று மூன்று பேராகச் சேர்த்து நச்சைப் பார்க்கும் முறை) டோஸ் பார்த்துவிட்டு, பிறகு 20 பேர் ஒற்றைக் கை, நான்கு மாத முன்னேற்றமில்லா விகிதம். பழைய ஆய்வுகளின் 12%-ஐ ஒப்பீடாக வைத்தால் போதுமா?

---

பதில் 4: பின்னம்

போதாது.

அந்த 12% அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுவின் ஏழு இரண்டாம் கட்ட ஆய்வுகளைச் சேர்த்து, அளக்கக்கூடிய கட்டி இருந்த 96 பேரில் வந்தது. அவர்கள் வாங்கியது பெரும்பாலும் வேலை செய்யாத புது மருந்துகள். உங்கள் நோயாளி ஐஃபாஸ்ஃபமைடு-எட்டோபோசைடு வாங்குகிறார், அது தனியாகவே 12%-ஐத் தாண்டிவிடும். கீமோ செய்ததை லென்வாட்டினிப் கணக்கில் எழுதுவீர்கள். தனி மருந்து ட்ரையலுக்கு 12% சரி, கூட்டு ட்ரையலுக்கு அல்ல.

20 பேரில் 8 பேர் நான்கு மாதம் தாண்டினால் 40%. அதன் 95% இடைவெளி 19 முதல் 64 வரை. ஒலீயைவிட மேல், கீழ், சமம், மூன்றும் அதற்குள் அடங்கும். சீரற்ற ஒதுக்கீடு செய்யுங்கள். ஹசார்டு விகிதம் 0.6-ஐப் பிடிக்க, ஒருபக்கப் பிழை 0.1, திறன் 80% என்றால் சுமார் 70 நிகழ்வு (நோய் முன்னேற்றம் அல்லது இறப்பு) வேண்டும். பிழையை 0.025-க்கு இறுக்கினால் 120. இந்த நோயில் 120 நிகழ்வு என்பது பல நாட்டு வேலை, 70 பல மருத்துவமனை வேலை. இரண்டாம் கட்டத்துக்கு 0.1 தாராளம் என்று யாராவது முறைத்தால், ஆரம்பக்கட்ட முடிவு என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடலாம்.

3+3 பற்றி: உண்மையான நச்சு விகிதம் 30% இருக்கும் டோஸ் அதில் தேறும் வாய்ப்பு, முதல் மூவரில் யாருக்கும் இல்லை 0.343, ஒருவருக்கு வந்து அடுத்த மூவருக்கு இல்லை 0.441 × 0.343 = 0.151, கூட்டினால் 49%. காசு சுண்டிப் போடுவதுதான். மேலும் முதல் சைக்கிள் 21 நாளை மட்டும் பார்க்கிறீர்கள். புரதம், தைராய்டு, குழல் சேதம் எல்லாம் மூன்றாம் சைக்கிளில் வரும் சரக்கு.

நச்சு வரையறையில் நியூட்ரோபீனியாவைத் தனியாக எண்ணாதீர்கள், ஐஃபாஸ்ஃபமைடு-எட்டோபோசைடே அதைக் கொண்டுவரும். அடுத்த சைக்கிள் 14 நாளுக்கு மேல் தள்ளிப்போவதை எண்ணுங்கள். இன்னொரு எண்ணை முதன்மையாகவே வைக்கலாம்: கீமோவின் வாராந்திர டோஸ் அளவு. 5 சைக்கிளில் சதுர மீட்டருக்கு 45 கிராம் ஐஃபாஸ்ஃபமைடு, 15 வாரத்தில் முடிந்தால் வாரத்துக்கு 3 கிராம். சேர்த்த மருந்தால் இடைவெளி நான்கு வாரமானால் 20 வாரம், வாரத்துக்கு 2.25, அதாவது 75%. கால்வாசிக் கீமோவை விட்டுக்கொடுத்து லென்வாட்டினிப்பை வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் புது அட்டவணைக்கு இதுதான் நேரான கேள்வி, இதற்கு 70 நிகழ்வு தேவையில்லை.

ஸ்கேன் தேதியை நாட்காட்டியில் கட்டுங்கள், சைக்கிளில் அல்ல. "ஒவ்வொரு இரண்டு சைக்கிளுக்கும் ஸ்கேன்" என்று எழுதினால், சைக்கிள் தள்ளிப்போகும் கையில் ஸ்கேனும் தள்ளிப்போகும், முன்னேற்றம் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும், மருந்து வேலை செய்தது போலத் தெரியும். ஒதுக்கீட்டு நாளிலிருந்து 6, 12, 18-ஆம் வாரம். நுரையீரல் முடிச்சை வெட்டப் போகிறவரை எப்படி எண்ணுவது என்றும் இப்போதே எழுதுங்கள். கட்டி சுருங்கியவர்தான் அறுவைக்குப் போவார், அவரை அந்த நாளோடு கணக்கிலிருந்து விட்டால் நல்லவர்களையே வெட்டி எறிகிறீர்கள்.

ஒரு பழைய வழக்கு, இதே விவாதத்துக்காக: மிஃபாமுர்டைடும் (நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து) ஐஃபாஸ்ஃபமைடும் பரவாத நோயில் 2×2 அமைப்பில் (இரண்டும், ஒன்று மட்டும், எதுவுமில்லை என நான்கு குழு) ஒரே ட்ரையலில் சோதிக்கப்பட்டன. 2005-ல் இரண்டு மருந்துக்கும் ஊடாட்டம் (ஒன்றின் பலனை மற்றது மாற்றுவது) இருக்கலாம் என்று எழுதினார்கள். 2008-ல் ஊடாட்டம் உறுதியில்லை, ஆறாண்டு வாழ்வு 70%-இலிருந்து 78% ஆனது என்று எழுதினார்கள். ஐரோப்பா 2009-ல் அனுமதித்தது, அமெரிக்கா அனுமதிக்கவில்லை. ஒரே ட்ரையல். ஊடாட்டத்தை எப்படிக் கையாள்வது என்று முன்கூட்டி எழுதாததன் விலை அது.

---

பதில் 5: மெல்லியவெட்டு

முடிவுப்புள்ளியாகச் சுருக்க விகிதம் வைக்காதது நல்லது. இந்தக் கட்டி எலும்புச் சத்தை உருவாக்குவது. செல் செத்தாலும் சுண்ணாம்புக் கூடு அப்படியே நிற்கும், ஸ்கேனில் அளவு மாறாது. நுரையீரல் முடிச்சும் கால்சியம் பிடித்துக் கெட்டியாகும். விட்டத்தோடு அடர்த்தியையும் குறித்து வையுங்கள்.

ரத்தக்குழாய் தடுப்பிகளில் முடிச்சின் நடுப்பகுதி செத்துக் குழியாகும். பிளூராவை (நுரையீரல் உறை) ஒட்டிய முடிச்சில் அது நடந்தால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும். தொடக்க ஸ்கேனில் பிளூராவை ஒட்டிய முடிச்சுகளைத் தனியாக எண்ணிக் குறியுங்கள், 1 மில்லிமீட்டர் வெட்டில். திடீர் மூச்சுத்திணறல், ஒருபக்க நெஞ்சுவலி வந்தால் அடுத்த விசிட்டுக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லும் ஒரு வரி நோயாளிக் கையேட்டில் கட்டாயம். குழி விழுந்ததை முன்னேற்றம் என்று எழுதிவிடாதபடி வாசிப்பவருக்கும் ஒரு குறிப்பு.

---

நுண்தட்டு

வாராந்திர டோஸ் அளவையே முதன்மையாக வைத்து, 1:1 ஒதுக்கீட்டில் தொடர்ச்சி அட்டவணையோடு இடைநிறுத்தும் அட்டவணையை ஒப்பிடுகிறேன். கடைசியாக ஒன்று: கீமோவுக்கு எத்தனை நாள் முன்பு லென்வாட்டினிப்பை நிறுத்தினால் இரண்டும் நிஜமாகப் பிரியும்?

---

பதில் 6: மெஸ்னா

லென்வாட்டினிப்பின் அரை ஆயுள் சுமார் 28 மணி நேரம். ஐந்து அரை ஆயுள் என்றால் 140 மணி, ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவு. முழுதாகப் பிரிக்க நினைத்தால் 21 நாள் சைக்கிளில் 6 நாள் முன்பு, 3 நாள் கீமோ, ஆக 9 நாள் மருந்தே இல்லை. 43% டோஸ் போய்விடும், அப்புறம் எதற்கு இந்த மருந்து? மூன்று நாள் முன்பு நிறுத்தினால் 72 மணியில் சுமார் ஆறில் ஒரு பங்கு மிஞ்சும், கீமோ நாட்களில் அதுவும் கரையும். நான்காம் நாள் தொடங்கலாம். ஆறு நாள் நிறுத்தம், 15 நாள் மருந்து. இரண்டாம் சைக்கிளில் 1-ஆம் நாள் கீமோவுக்கு முன்னும் 4-ஆம் நாள் லென்வாட்டினிப்புக்கு முன்னும் காலையில் ரத்தம் எடுத்து லென்வாட்டினிப் அளவு பார்த்தால் ஊகம் தேவைப்படாது.

தாளில் எழுதும்போது இன்னொன்று. மெஸ்னா ஓடும் நாட்களில் சிறுநீர்ப் பட்டையில் கீட்டோன் பாசிட்டிவ் காட்டும், அது பொய். வாந்தி, சாப்பிடவில்லை, கீட்டோன் என்று குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்து, அதனால் வந்த சிறுநீர்ச் சர்க்கரையை யாராவது ஃபான்கோனி என்று எழுதிவிடப் போகிறார்கள். புரதம், சர்க்கரை இரண்டுக்கும் மாதிரியை மெஸ்னா தொடங்கும் முன், முதல் நாள் காலையிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள்.